மாளயத்தில் நிறுத்திவைத்த தபால்

அந்தக் கம்பெனியில் எனக்கு இரண்டு வேலை. டைப் அடிப்பது ஒன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது மற்றொன்று. முதல் வேலையில் அவ்வப்போது பிழை விடுவேன். இரண்டாவதை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன், வாயைத் திறந்தே ஆகவேண்டிய நேரத்தில்கூட. அதை நினைத்தால் இந்த வயதிலும் என் கன்னத்தில் நானே நாலு போடலாம் போலிருக்கிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ரேடியோ பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பிச்சுருள் செய்கிற சின்னக் கம்பெனி அது. மைசூரில் ரயிலடிக்குக் கொஞ்ச தூரத்தில் ஓடு போட்ட நீளக் கொட்டகை, முன்பக்கம் ஆபீஸ் என்ற பெயரில் இரண்டு அறை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டுச் சும்மா இருந்தபோது எங்கள் மாதா கோயில் சாமியார் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். மிகவும் நம்பகமான பெண் என்று எழுதியிருந்தார். பாவம், நல்ல மனுஷர்.

முதலாளிதான் மேனேஜர், அவரேதான் எஞ்சினியர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். கெட்டவர் இல்லை. ஆனால் தன் தொழில் ரகசியத்தை யாரோ தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்ற பயம் அவரை ஒரு நிமிஷம் உட்காரவிடாது. எந்த வரைபடமும் முழுசாக ஒரு ஆள் கைக்குப் போகக் கூடாது, மூன்று துண்டாக மூன்று பேருக்குத்தான் போகும். சாயங்காலம் துண்டுகள் திரும்பி வந்ததை எண்ணி இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியைப் பூணூலோடு முடிந்துகொள்வார். நான் டைப் அடித்த கார்பன் தாளைக்கூட விட்டுவைக்க மாட்டார். பின்கட்டில் காபிக்கு வெந்நீர் போடுகிற அடுப்பில் அதை நான் போட்டு எரிக்கவேண்டும், அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். "ஸ்வல்ப கிளறி விடும்மா, எழுத்து தெரியறது" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாது.

அந்தக் கொட்டகையில் இயந்திரங்களைப் பூட்டிப் பழுதுபார்க்கிற பிட்டர் ஒருவர் இருந்தார். ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி என்ற ஊர்க்காரர், தமிழ் பேசுகிற விவசாயக் குடும்பம், முப்பத்தைந்து வயசு இருக்கும். படிப்பு தமிழில் மூன்றாவதோ நாலாவதோ. என் டைப்ரைட்டர் மக்கர் பண்ணினால் வந்து, அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு தட்டுத் தட்டுவார். சரியாகிவிடும். என்னை 'அம்மிணி' என்பார். நான் அவரை அண்ணா என்பேன்.

கம்பி சுற்றும் இயந்திரத்தில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. தலைமுடி கனத்துக்குத்தான் கம்பி. நடுவில் அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், சுருள் முழுவதும் குப்பைக்குப் போகும். சுற்றுகிற பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே இருப்பார்கள். இந்த அண்ணா ஒரு பழைய குடைக்கம்பியை வளைத்து, ஓடுகிற கம்பியின் மேல் அது லேசாக உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒன்று செய்தார். கம்பி அறுந்தால் குடைக்கம்பி தலையைத் தொங்கப்போடும், உடனே பெல்ட் நழுவி இயந்திரம் நின்றுவிடும். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லையே! பெண்கள் அதற்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்தார்கள்.

முதலாளி கொக்கைப் பார்த்துவிட்டு, தானே நாலு தரம் கம்பியை அறுத்து அறுத்துச் சோதித்தார். மறுநாளே அந்த இயந்திரம் இருந்த மூலையைச் சுற்றிச் சாக்குப்படுதா கட்டியாகிவிட்டது. இதைப் பேடண்ட் எடுத்துவிட வேண்டும் என்றார். இன்றைக்குக் காப்புரிமை என்கிறார்கள். கல்கத்தாவில் இருக்கிற சர்க்கார் ஆபீசுக்கு விண்ணப்பம் போகவேண்டும். கம்பெனி பெயரோடு, நிஜமாகக் கண்டுபிடித்தவர் பெயரும் அதில் இருந்தாகவேண்டும். வேறு முதலாளியாக இருந்தால் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருப்பார். இவர், "கொக்கு அவனோடது. அவன் பேர்தான் போகணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதைக் கேட்ட அன்று அண்ணாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அவருக்கு அது சாதாரண விஷயமில்லை. முன்பு வேலை பார்த்த இடத்திலும் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். படத்தை வாங்கிக்கொண்ட மேலதிகாரி தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டாராம். ஊரில் அப்பனும் பங்காளிகளும், மைசூருக்குப் போய் ஆணி முடுக்குகிறவன் என்று கேலி பண்ணுவார்களாம். "சர்க்கார் காயிதத்துல எம்பேரு அச்சுல வரோணுங்க அம்மிணி. வந்துட்டா அது போதும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, தமிழில் நிதானமாகப் போட்டார்.

இதற்கு நடுவே, எங்களுக்காகப் பேடண்ட் வேலையைப் பார்த்த கல்கத்தா ஏஜெண்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைக் கோப்பில் சேர்த்து, பிரதி டைப் அடித்தவள் நான். விண்ணப்பம் அங்கே பதிவாகிற நாள் வரைக்கும் இயந்திரத்தை வெளியார் ஒருவர் கண்ணிலும் காட்டக் கூடாது, காட்டினால் அது புதுசு இல்லை என்று ஆகிவிடும், அப்புறம் பேடண்ட் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். படித்தது முதலாளி, அப்புறம் நான். அண்ணாவுக்கு இது தெரியாது.

எல்லாம் தயாரானது ஒரு திங்கட்கிழமை. தசரா தொடங்க ஒன்பது நாள் இருந்தது. முதலாளி உறையை என் மேஜையில் வைத்து, "இன்னிக்கே ரிஜிஸ்டர் தபால்ல போகணும்மா" என்று சொல்லிவிட்டுப் பெங்களூர் ரயிலுக்கு ஓடினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அண்ணா நின்றுகொண்டிருந்தார்.

"அம்மிணி, ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க."

"சொல்லுங்கண்ணா."

"இப்ப மாளயம் நடக்குதுங்க. செத்தவங்களுக்குக் கும்புடுற பதினைஞ்சு நாளு. புதுசா எதையும் தொடங்க மாட்டோமுங்க. அமாவாசை கழிஞ்சு போடுங்க."

"முதலாளி இன்னிக்கே போடச் சொன்னாரேண்ணா? அவரும் சாமி கும்பிடறவர்தானே?"

"அவருகிட்ட சொன்னனுங்க. கல்கத்தாவுல எவன் பஞ்சாங்கம் பாக்கறான்னு சிரிச்சுப்போட்டாரு. போன தடவை அந்தப் படத்தை மாளயத்துலதானுங்க குடுத்தேன். போயே போச்சு. உங்க வேதத்துல இதெல்லாம் கெடையாது, தெரியுமுங்க. எனக்கோசரம் ஒரு எட்டு நாளு."

கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயசாவது மூத்தவர். மாட்டேன் என்று சொன்னால், வேதக்காரப் பெண் நம் சாமியை மதிக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம். அது மட்டும்தானா? இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆபீசில் அதுவரை என்னிடம் யாரும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. ஒரு பெரிய காரியம் என் கையில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு இனித்தது. எட்டு நாளில் என்ன குடி முழுகிப்போகும் என்று உறையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் முதலாளி வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "ஏம்மா, கல்கத்தா கவர் போயிடுத்தா?"

"ஆச்சு சார்."

அப்படித் தானாக வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அன்று மத்தியானம் அனுப்பும் தபால் ரிஜிஸ்தரில் திங்கட்கிழமைத் தேதியைப் போட்டு எழுதினேனே, அது யோசித்துச் செய்ததுதான்.

வாரம் நகர்ந்தது. உறை இழுப்பறையில் கிடந்தது. எனக்கு அதனால் பெரிய வேதனை ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். அடுத்த திங்கட்கிழமைதான் வந்தது வினை. முதலாளி கொட்டகைக்குள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: தசரா பொருட்காட்சியில் நம் கம்பெனிக்குக் கடை கிடைத்திருக்கிறது, புதன்கிழமை திறக்கிறார்கள், வெறும் சுருளை அடுக்கிவைத்தால் யார் பார்ப்பான், கொக்கையே கொண்டுபோய் ஓட்டிக் காட்டுவோம். "விண்ணப்பம் போயாச்சு, போன வாரமே சேர்ந்திருக்கும். இனிமே எவனுக்கும் பயப்படவேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சாக்குப்படுதாவைத் தன் கையாலேயே அவிழ்த்தார். பெண்கள் கைதட்டினார்கள். அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை இதில் ஒரு வில்லங்கமும் இல்லை. தபால் புதன்கிழமை நல்ல நாளில் போகப்போகிறது, கொக்கும் அதே நல்ல நாளில் ஊர் பார்க்கப் போகிறது. ஏஜெண்ட் எழுதிய கடிதமும் இழுப்பறையில் கிடக்கிற உறையும், இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி இங்கிலீஷில் கத்தியிருப்பார். மிஞ்சிப் போனால் வேலை போயிருக்கும். கடையில் வெறும் சுருளை வைத்திருப்பார்கள். எட்டு நாள் தள்ளிப் போட்டதால் ஒரு நஷ்டமும் இல்லை, அண்ணாவின் பேடண்ட் பத்திரமாக வந்திருக்கும். இரண்டு தரம் முதலாளி அறை வாசல் வரை போனேன். முதல் தரம் உள்ளே யாரோ இருந்தார்கள். இரண்டாம் தரம் அவர் தனியாகத்தான் இருந்தார்.

"சார்..."

"என்னம்மா? கல்கத்தாவிலேருந்து அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வந்துடுத்தா?"

"இன்னும் வரலை சார்."

"தசரா கூட்டம், தபாலெல்லாம் மெதுவாத்தான் வரும். வேற என்ன?"

"புதன்கிழமை அரை நாள் லீவு வேணும் சார்" என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா! அவர் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடையில் நின்று நோட்டீஸ் கொடுக்க ஆள் வேண்டுமாம்.

புதன்கிழமை காலையில் தபால் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய் உறையைப் பதிவுசெய்தேன். ரசீதை ரிஜிஸ்தரில் ஒட்டும்போது, தேதி முத்திரை இருந்த ஓரத்தை மறைத்து அதன்மேல் இன்னொரு ரசீதை ஒட்டினேன். சாயங்காலம் பொருட்காட்சிக்குப் போனேன்.

ஐயோ, அந்தக் கூட்டம்! ஹனூர், குண்டலுபேட்டை என்று எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் வந்திருந்த ஜனம். மின்விளக்கைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள், எங்கள் கடைக்கு வந்ததும் கொக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அண்ணா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். இயந்திரத்தை ஓடவிட்டு, ஓடுகிற கம்பியை விரலால் பட்டென்று அறுப்பார். கொக்கு தலையைத் தொங்கப்போடும், இயந்திரம் கப்பென்று நிற்கும். கூட்டம் "ஆஹா" என்னும். குழந்தைகள் இன்னொரு தரம் இன்னொரு தரம் என்று கத்தும். தமிழில் கேட்டவருக்குத் தமிழில், கன்னடத்தில் கேட்டவருக்குக் கன்னடத்தில் எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தார். இத்தனை வருஷம் துண்டு துண்டாகப் பூட்டிவைத்த கம்பெனியில் முதல்தடவையாக ஒரு மனுஷன் முழுசாகப் பேசினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார், படம் போட்டுக்கொண்டார். அண்ணா அவருக்காகக் கொக்கைக் கழற்றியே காட்டினார். நான் பக்கத்தில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்கத்தாவிலிருந்து கார்டு வந்ததும், வந்துவிட்டது என்று மட்டும் முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கோப்பில் சொருகினேன். அதற்கப்புறம் பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று விளம்பரமும் வந்தது. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தார். நானும் இரண்டு துண்டு தின்றேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகுதான் வடக்கே ஒரு கம்பெனி ஆட்சேபம் போட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. இந்த இயந்திரத்தை மைசூர் பொருட்காட்சியில் ஆயிரம் பேர் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள், விண்ணப்பம் பதிவானதோ அதற்கு ஐந்து நாள் கழித்து என்று சொல்லி, அந்தக் கண்ணாடிக்காரரின் நோட்டுப் பக்கங்களையும் வைத்திருந்தார்கள்.

முதலாளி அந்தத் தேதியை நம்பவில்லை. கல்கத்தாக்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை என்று என் கையெழுத்து இருந்தது. "பாரு, பாரு" என்றார். அப்புறம் ரசீதைத் தேடினார். மேலே ஒட்டியிருந்ததை நகத்தால் பிரித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அனுப்பியாச்சுன்னு சொன்னியேம்மா?"

நான் வாயைத் திறக்குமுன், கொட்டகையிலிருந்து அண்ணா வந்துவிட்டார். ஆட்சேபம் வந்த செய்தி அதற்குள் பரவியிருந்தது. "அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க சாமி. நான்தானுங்க மாளயம் கழியட்டும்னு புடிச்சு நிறுத்தினேன்" என்றார்.

"நெஜமாம்மா?"

"ஆமா சார். அண்ணாதான் கேட்டார்."

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இதை மன்னிக்கவே முடியவில்லை. நீங்கள் கேட்டபோது நான் பொய் சொன்னேன், கொக்கைக் கடையில் வைப்பது ஆபத்து என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, தெரிந்தும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லவேண்டிய இடம் அது. நான் சொன்னதோ அண்ணாதான் கேட்டார் என்பது மட்டும். முதலாளி வெகுநேரம் இங்கிலீஷில் கத்தினார், எல்லாம் அண்ணாவைப் பார்த்து. மூட நம்பிக்கை, பட்டிக்காட்டுப் புத்தி, இன்னும் என்னென்னவோ. அண்ணாவுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. என்னைப் பற்றிக் கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னார்: "சின்னப் பொண்ணு, பெரியவன் சொன்னான்னு கேட்டுட்டா." சின்னப் பெண் என்ற அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயசு எனக்கு.

பேடண்ட் மறுக்கப்பட்டது. ஒரு வருஷத்துக்குள் கொக்கு எல்லா ஊரிலும் எல்லா இயந்திரத்திலும் உட்கார்ந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் செய்யலாமே. முதலாளி புது உத்தரவு போட்டார்: வேலைக்காரர் யாரும் இயந்திரத்தில் சொந்த யோசனையாக எதையும் செய்யக் கூடாது. அதை டைப் அடித்து மாட்டியவளும் நான்தான். அண்ணாவை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அவர் எதையும் காதை வைத்துக் கேட்பதை நிறுத்திவிட்டார். சொன்ன திருகை முடுக்கிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய்விடுவார். அவரிடம் இன்னும் எத்தனை கொக்கு இருந்ததோ, யார் கண்டார்.

சில மாதத்தில் ஹனூரில் டிராக்டர் பழுதுபார்க்கிற ஒரு ஷெட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார். போகிற அன்று என் மேஜைக்கு வந்தார்.

"அம்மிணி, அந்தச் சர்க்கார் காயிதம், இல்லைன்னு சொன்ன காயிதம், உங்ககிட்ட இருக்குதுங்களா?"

கோப்பிலிருந்து எடுத்தேன்.

"இதுல எம்பேரு இருக்குதுங்களா?"

இருந்தது. மறுப்பு உத்தரவின் மூன்றாவது வரியில், கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுபவர் என்ற இடத்துக்கு அப்புறம், அவர் பெயர் அச்சில் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்தில் அது எப்படி இருக்கிறது என்று குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். தொடவில்லை. கையில் எண்ணெய் இருந்தது.

அண்ணா, உங்கள் மாளயத்தால் ஒன்றும் கெடவில்லை, நான்தான் கெடுத்தேன் என்று இரண்டு வரி. எதிரில் அவர் நின்றார், ஆபீசில் வேறு ஒருவரும் இல்லை. இரண்டே இரண்டு வரி. நான் காகிதத்தைக் கோப்பில் திரும்பச் சொருகினேன்.

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "கும்புட்டுக் கேட்டு, உங்க வேலைக்கே உலை வெக்கப் பாத்தேனுங்க. என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காம என்னை மன்னிச்சுப்போடுங்க அம்மிணி" என்றார்.

"பரவாயில்லைண்ணா, விடுங்க" என்று அவரை மன்னித்தேன்.